சல்லடை கழித்த விதைகள்

என் சின்னத் தம்பியின் மனைவி ஒரு வண்டிக் குப்பையை வைத்துக்கொண்டு உலகத்திலுள்ள அத்தனை படைப்புழுக்களையும் ஒரே காலையில் விரட்டியடித்தவள். சரி, உலகம் என்பது கொஞ்சம் அதிகம்தான். ஒரு புல்வெளியில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் உண்மை. நான் சொல்கிற உண்மை எவ்வளவு தேறுமோ, அவ்வளவு உண்மை.

வீட்டில் அவளுக்குப் பெயர் சல்லடை. விதை சுத்தம் செய்கிற ஆலையில் வேலை பார்த்தாள். கூரை உயர்ந்த ஒரு நீளக் கூடம். மேலேயிருந்து புல் விதை கொட்டும், அடுக்குச் சல்லடைகள் கடகடவென்று ஆடும், பக்கவாட்டில் பெரிய விசிறி பதரை ஊதித் தள்ளும். கடைசியில் சாய்வு மேசைக்கு வந்து சேர்கிற விதையில் புல் விதையைத் தவிர வேறு எது கண்ணில் பட்டாலும் பொறுக்கி எடுத்துக் கழிசல் தொட்டியில் போட வேண்டும். அதுதான் அவள் வேலை. அடக்கம் என்பது அவள் பக்கமே எட்டிப் பார்க்காத குணம். "என் கை பட்ட மூட்டையா? கண்ணை மூடிக்கிட்டு விதைங்க. அதுல இன்னொரு சாதி விதை இருந்தா என் காதை அறுத்துக்கிறேன்" என்பாள். அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. நாத்தனார் என்றும் பாராமல், என் தலையில் ஒரு நரைமுடி தெரிந்தால் கேட்காமலே பிடுங்கிவிடும். அவள் வீட்டுக்கு அடிக்கடி போயிருந்தால் நான் மொட்டைதான்.

கூடத்தின் தூசி மெல்ல மெல்ல அவள் நெஞ்சில் குடியேறியது. முகத்தில் துணி கட்டியும் பயனில்லை. பேசும்போது பாதி வாக்கியத்தை இருமல் பிடுங்கிக்கொள்ளும். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "அந்த வேலையை விட்டுடும்மா" என்றார். விட்டால் எதைக் கொண்டு பிழைப்பது?

எங்கள் அப்பா விட்டுப்போன புல்வெளி ஒன்று இருந்தது. நடுவில் ஒரு நடைபாதை. இந்தப் பக்கம் பெரிய தம்பிக்கு, அந்தப் பக்கம் சின்னவனுக்கு. பெரிய தம்பியின் மனைவியை நாங்கள் பெரியவள் என்போம். அவள் பாதி, இஸ்திரி போட்ட பச்சைத் துணி மாதிரி இருக்கும். ஒரே புல், ஒரே உயரம். எல்லாம் சல்லடை சுத்தம் செய்த மூட்டையிலிருந்து வந்த விதை. சின்னவன் பாதியோ வெறும் கட்டாந்தரை. அதில் தீவனம் வளர்ந்தால் மாடுகளைக் காப்பாற்றலாம், பால் விற்றுப் பிழைக்கலாம், சல்லடை கூடத்தை விட்டு வெளியே வரலாம். வளராவிட்டால் மறுபடி அதே தூசி, அதே இருமல்.

ஒருநாள் அவள் கைவண்டி நிறைய மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பெரியவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாதையில் நின்றாள்.

"என்னடி இது?"

"கழிசல் விதைக்கா. ஆலையில எரிக்கப் போட்டிருந்தாங்க. மாட்டுக்கு ஆகாததை மட்டும் பொறுக்கிட்டேன். மீதியெல்லாம் நல்ல சரக்கு."

"வாழ்நாள் பூரா இதைப் பொறுக்கி வெளிய எறிஞ்சவ, இப்ப அதையே கொண்டாந்து நிலத்துல கொட்டப் போறியா? தலைகிலை சுத்துதா?"

"எறியும்போதெல்லாம் ஒரு நெனப்புக்கா. இது முளைச்சா என்னவா இருந்திருக்கும்னு. கொடியா, பூவா, இல்ல வேற எதாவதா? ஒருதரமாவது பார்த்துடணும்."

"நல்லாப் பாரு. வர்ற வெயில் காலத்துல உன் மாடு பசியில கத்துச்சுன்னா, இந்தப் பாதியை என்கிட்ட விட்டுடணும். நான் ஒழுங்கா புல்லு போட்டுக்கறேன். நீ ஒழுங்கா வேலைக்குப் போ."

"விட்டுடறேன்."

வண்டிக்குப் பின்னால் வந்த என் சின்னத் தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். கொட்டாவி விட்டதுபோல் மூடிக்கொண்டான்.

மழை வந்தது. கழிசல் முளைத்தது. அப்படி ஒரு கூட்டத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் கண்டதில்லை. நெட்டைப் புல், குட்டைப் புல், அவற்றைப் பிடித்து ஏறும் கொடி, தரையோடு தரையாகப் படர்ந்த பயறுச் செடி, மஞ்சளும் ஊதாவுமாகப் பெயர் தெரியாத பூக்கள். பூவைத் தேடி முதலில் தேனீ வந்தது. அதன் பின்னாலேயே இடுப்பு ஒடிந்த குளவி, புள்ளி வண்டு, தட்டான், வெட்டுக்கிளி, தரையில் ஓடும் கறுப்பு வண்டு, மூலைக்கு மூலை சிலந்தி. பெரியவளின் பாதி ஒரே அறை வீடு. அதற்கேற்ற ஒரே மாதிரி விருந்தாளி. சல்லடையின் பாதி மாடி வீடு. மேல்மாடியில் பூ, நடுமாடியில் கொடி, கீழே நிழல். மாடிக்கு மாடி வேறு குடித்தனம். ஒரு சிலந்தி வலையில் என் தம்பியின் தொப்பி மாட்டிக்கொண்டு, எவ்வளவு இழுத்தும் வரவில்லை என்றால் பாருங்கள்.

"பூச்சிக்குச் சத்திரம் கட்டியிருக்கா!" என்று பெரியவள் கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். நேரிலும் கேட்டாள்: "இத்தனையும் சேர்ந்து ஒருநாள் உன் தீவனத்தை மேஞ்சுட்டா என்னடி பண்ணுவே?"

சல்லடை குனிந்து, ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்தாள். இருமக்கூட மறந்துவிட்டாள்.

இதற்கிடையில் அவள் ஒரு கூத்து செய்தாள். ஒருநாள் என் தம்பி போய்ப் பார்த்தால், இவள் நடைபாதை ஓரமாகக் குந்தியபடி நகர்ந்து நகர்ந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். கட்டில் அகலத்துக்கு ஒரு பட்டை; பாதையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. அதில் பூவும் இல்லை, கொடியும் இல்லை, பயறும் இல்லை. சுத்தமான புல் மட்டும்.

"ஏம்மா, நீ விதைச்சதை நீயே புடுங்கிறியே!"

சல்லடை தன் கையைப் பார்த்தாள். யாரோ அடுத்த வீட்டுக்காரியின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அய்யய்யோ! பெரியவங்க கேட்டதையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேங்க. கை அதுபாட்டுக்குப் போயிருக்கு."

அன்றிலிருந்து புல்வெளிக்குள் போகும்போதெல்லாம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் நடப்பாள், பள்ளிக்கூடம் பார்வையிட வந்த அதிகாரி மாதிரி.

வெயில் ஏறியது. ஒரு காலை, படைப்புழு இறங்கியது. பச்சையும் பழுப்புமாகக் கோடு போட்ட புழு. புல்லைக் கண்டால் நிறுத்தத் தெரியாத வாய். அவை மெல்லுகிற சத்தத்தில் கடைத்தெருவில் பேச்சுக் கேட்கவில்லை என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. பெரியவளின் இஸ்திரித் துணி மதியத்துக்குள் கந்தலாகிவிட்டது. எங்கு பார்த்தாலும் ஈர்க்குச்சி. பெரியவள் நடுவில் நின்றாள், கையில் துடைப்பத்தோடு. எந்தப் புழுவை அடிப்பது, எதை விடுவது?

செய்தி கேட்டுச் சல்லடை கூடத்திலிருந்து ஓடி வந்தாள், முகத்துணியைக்கூட அவிழ்க்காமல். புழுக்கள் பாதையைத் தாண்டிவிட்டிருந்தன. அவள் பிடுங்கிச் சுத்தம் செய்த பட்டையும் ஈர்க்குச்சியாக நின்றது.

"போச்சு. எல்லாம் போச்சுங்க" என்றாள் என் தம்பியிடம்.

பட்டையைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தாள். அங்கே பூ ஆடிக்கொண்டிருந்தது. கொடி ஏறிக்கொண்டிருந்தது. நெட்டைப் புல் நெட்டையாகவே நின்றது. படைப்புழுக்கள் அந்த எல்லைவரை அணிவகுத்து வந்து, உள்ளே தலையை நீட்டி, "இது நமக்குச் சரிப்படாது" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டன. ஒன்றுகூட உள்ளே கால் வைக்கவில்லை.

பெரியவளுக்கு மனசு ஆறவில்லை. "உன் பக்கம் காத்து அடிக்கல. உன் மண்ணு ஈரம். அதான் தப்பிச்சே."

"அப்படியாக்கா? அப்ப இந்தப் பட்டை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? இதுவும் என் மண்ணு. அதே ஈரம், அதே காத்து. நான் சுத்தம் பண்ண இடம் மட்டும் அப்படியே போயிருக்கு பாருங்க!" சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "எவ்வளவு சுத்தமான கை! புழுவே வந்து நற்சாட்சி கொடுத்திருக்கு!"

பெரியவள் பட்டையைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அழுகை பாதி கலந்த சிரிப்பு.

அந்த வெயில் காலம் முழுக்கச் சல்லடையின் மாடுகள் வயிறு முட்டத் தின்றன. பெரியவளின் மாடுகளுக்கும் அங்கிருந்துதான் தீவனம் போனது. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நக்கல் இலவசம். மழைக்கு முன்னால் பெரியவள் காலிச் சாக்கோடு வந்து நின்றாள்.

"எனக்கும் அந்தக் குப்பை கொஞ்சம் குடுடி."

"எது, அக்கா?"

"குப்பை."

"காதுல விழலக்கா."

"சரிடி மகராசி, விதை! விதை குடு!"

சல்லடை கூடத்தை விட்ட நாளில் மேசைக்காரிகள் எல்லாரும் சேர்ந்து கழிசல் தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிவந்து அவள் வண்டியில் கவிழ்த்தார்கள். அவள் முகத்துணியை அவிழ்த்துக் கொடிபோல் வீசிக்கொண்டே போனாள். வாசல்வரை ஒரு வாக்கியம் பேசினாளாம், முழு வாக்கியம், நடுவில் ஒரு இருமல் இல்லாமல்.

இதுவரை எழுதியதை உரக்கப் படித்து முடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் நரைமுடியை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அண்ணி, தொப்பி மாட்டுனது முள்ளுச் செடியில. அது போகட்டும். ஆனா ஒரு புழுகூட உள்ள வரலைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை அடிச்சுடுங்க. வந்துச்சு. நிறையவே வந்துச்சு. குனிஞ்சு பார்த்தவ நானு. ஒண்ணைக் கறுப்பு வண்டு இழுத்துக்கிட்டுப் போகுது, ஒண்ணு மேல குளவி உக்காந்திருக்கு, இன்னொண்ணு சிலந்திகிட்ட மாட்டிக்கிட்டுக் கிடக்குது. அதுங்களைத் திங்க ஆளுங்க முன்னாடியே அங்க குடியிருந்தாங்க அண்ணி. நான் வாடகைகூட வாங்கல."