மாற்றாமல் விட்ட வரி

மல்லாவிச் சந்தைக்குக் கிட்ட ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறேன். போர் முடிந்து மீளக் குடியேறி வந்த காலம் தொட்டு அந்தக் கம்பியூட்டருக்கு முன்னால்தான் என் சீவியம். கலியாணக் கார்ட் அடிப்போம், கோயில் நோட்டீஸ் அடிப்போம். ஆனால் ஊரில் என் பேர் அடிபடுவது செத்தவீட்டு வேலைக்குத்தான். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும்போது, அவருடைய படத்தையும் வாழ்க்கை வரலாற்றையும் நாலு தேவாரத்தையும் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அடித்து, சாப்பிட்டு எழும்பும் சனத்தின் கையில் கொடுப்பது இங்கே வழக்கம். நினைவு மலர் என்போம். அந்த வரலாற்றை எழுதுகிறவன் நான். "அவரிட்டைக் குடுங்கோ, கல்லும் அழுகிற மாதிரி எழுதித் தருவார்" என்று சனம் சொல்லும். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

தொழில் இரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன. நான் ஒருவருக்கும் புதிதாக எழுதுவதில்லை. முந்திச் செத்தவரின் கோப்பைத் திறந்து, வேறு பேரில் சேமித்து, ஆட்களின் பேர்களை மாற்றுவேன். 'மல்லாவியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும். பிறகு 'அன்னார்' வருவார். அன்னார் எல்லோரும் இன்முகம் கொண்டவர்கள், எல்லோரும் விருந்தோம்பலில் சிறந்தவர்கள். படலைக்கு வந்தவனுக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி கொடுத்தறியாத மனிசனுக்கும் நான் விருந்தோம்பல் போட்டிருக்கிறேன். சிலவேளை முந்தினவரின் பேரப்பிள்ளை ஒன்று அடுத்தவரின் மலரில் நின்றுவிடும். சனம் சண்டைக்கு வரும். "ஐயோ, கை தவறிட்டுது, குறை நினையாதேங்கோ" என்று கும்பிட்டுச் சமாளிப்பேன்.

இப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. இந்த வயதில் மற்றவர்கள் வீட்டைத் திருத்துவார்கள், சீனி வருத்தத்துக்குப் பயந்து காலமை நடப்பார்கள். நான் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிவைத்து என்னைப் பற்றி எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலை மந்தமான நேரத்தில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையால். முதலாளி எட்டிப்பார்த்துச் சிரிப்பார். "என்ன, சுயசரிதையோ? உமக்குச் செத்த ஆக்களைத்தானே எழுதத் தெரியும்." அவர் பகிடிக்குச் சொன்னார். எனக்குப் பகிடியாகத் தெரியவில்லை. இந்தக் கொப்பியை வாங்க வைத்தது என் அம்மாவின் நினைவு மலர்.

அம்மா பிறந்தது பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிச் சனத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில். நானும் அங்கேதான் பிறந்தேன். இனக்கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தபிறகு, எங்களைப் போன்ற பல குடும்பங்கள் லொறியேறி வன்னிக்கு வந்தன. எனக்கு அப்போது ஐந்து வயது. வந்த இரண்டாம் வருடம் அப்பா மலேரியாவில் போய்ச் சேர்ந்தார். அம்மா வவுனிக்குளத்துக் குடியேற்றத் திட்டக் காணிகளில் களை பிடுங்கி, அரிவு வெட்டி, மிளகாய்ப் பழம் ஆய்ந்து என்னை வளர்த்தார். அந்தக் காணிக்காரர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பின்னாளில் அவர்களில் ஒருவரின் மகளைத்தான் நான் விரும்பிக் கட்டினேன். அது பெரிய பிரளயம். இப்போது எல்லாரும் மறந்ததுபோல இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் நான் "ஆமாங்க டீச்சர்" என்று சொன்ன அன்றைக்கு வகுப்பே சிரித்தது. தோட்டக்காட்டான் என்ற பட்டம் அன்றோடு ஒட்டியது. நான் விடவில்லை. ஒரு பள்ளி விடுமுறை முழுதும் கடைவாசலில் நின்று, ஆட்கள் கதைப்பதைக் கேட்டுக் கேட்டு நாக்கை மாற்றினேன். 'ஆமா'வைத் தூக்கி எறிந்துவிட்டு 'ஓம்' என்றேன். விடுமுறை முடிந்து போனபோது நான் வேறு ஆள். அம்மா மட்டும் மாறவில்லை. சாகும்வரைக்கும் அவருக்கு ஆமாதான், அங்கிட்டு இங்கிட்டுத்தான்.

பதினாறு வயதில் ஒருநாள், கூடப் படிக்கிற பெடியள் வீட்டுக்கு வருவதற்கு முதல், "அம்மா, ஆக்கள் வரேக்கை கனக்கக் கதையாதையுங்கோ" என்று சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார். "சரிப்பா" என்றார். அன்றிலிருந்து படலையில் சைக்கிள் மணி கேட்டால் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். நான் கலியாணம் முடித்து, பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகும் போனார். "மாமி, இருங்கோவன்" என்று என் மனிசி எத்தனையோ முறை கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். நான் ஒருமுறைகூட இருங்கோ என்று சொல்லவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அச்சகத்திலிருந்து நான் கொண்டுவரும் மலர்களைப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவார். வாசிக்கத் தொடங்குமுன்னே கேள்வி வரும். "எங்க பொறந்ததாம்?" என்ன வருத்தம், எத்தனை பிள்ளைகள் என்று கேட்கமாட்டார். எங்கே பிறந்தது என்று தெரிந்தால் போதும். பூநகரி என்றால், "அங்க பொறந்து இங்கிட்டு வந்து கெடந்திருக்கு பாவம்" என்பார். எனக்கு அலுப்பாக இருக்கும்.

ஒருநாள் முற்றத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே கேட்டார்.

"எனக்கு அடிக்கிறப்ப பசறையப் போட்டுருவியா ராசா?"

"ஏனம்மா இப்ப செத்தவீட்டுக் கதை?"

"சும்மாதான் கேட்டேன். போடுவியா?"

"ஓம், போடுறன்."

அவ்வளவுதான் கதை. அம்மா அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை.

போன மாரியில் அம்மா போனார். நெஞ்சுச்சளி, ஒரு கிழமை ஆஸ்பத்திரி, பிறகு இல்லை. செத்தவீட்டுச் சடங்கெல்லாம் என் மாமனார் பகுதியின் வழக்கப்படியே செய்தோம். அந்தியேட்டி கிட்ட வந்ததும் மலர் வேலைக்கு உட்கார்ந்தேன். "பசறையெண்டு போடுங்கோ. மாமி ஆசைப்பட்டவா, எனக்கும் சொன்னவா" என்றாள் மனிசி.

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியும்."

"ஆருக்கப்பா தெரியாது? ஊருக்கே தெரிஞ்சதை மறைச்சு என்ன செய்யப் போறியள்?"

அவள் சொன்னது சரி. ஒருவர்கூட என்னை ஒன்றும் கேட்டிருக்கமாட்டார். தெரிந்ததை அச்சில் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா களை பிடுங்கிய காணிக்காரர்கள் முன்வரிசைக் கதிரையில் இருந்து, முதல் வரியை வாசித்து, தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பத்து வயதில் சிரித்த வகுப்பு, ஐம்பது வயதிலும் என் முன்னால் இருந்தது.

அம்மாவுக்கு முதல் செத்தவர் மல்லாவியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு வயோதிபர். அவருடைய கோப்பைத் திறந்தேன். படத்தை மாற்றினேன். பேரை மாற்றினேன். பிள்ளை, மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் மாற்றினேன். அம்மாவின் பாடுகளைப் பற்றி இரண்டு பந்தி உண்மையாகவே எழுதினேன், அழுதுகொண்டு எழுதினேன். முதல் வரியில் மட்டும் கை வைக்கவில்லை. ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன். நான் பொய் எழுதவில்லை, இருந்ததை அழிக்கவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அப்படி நியாயம் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

அந்தியேட்டிக்கு மாமா வந்தார், அம்மாவின் ஒரே தம்பி, தோட்டத்திலேயே தங்கிவிட்டவர். முதல் நாளே பஸ் ஏறி, வவுனியாவில் இறங்கி, மாங்குளத்தில் மாறி, ஒரு பை நிறைய லீக்ஸும் கரட்டும் சுமந்துகொண்டு வந்தார். "நம்ம பக்கம் பதினாறோட முடிச்சுருவோம்" என்று மெல்லச் சொன்னார், குறையாக அல்ல. லயத்துச் சனத்துக்குக் கொடுக்க முப்பது மலர் வேண்டும் என்று முன்பே போனில் கேட்டிருந்தார். அம்மாவோடு கொழுந்து எடுத்தவர்களில் நாலைந்து பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்களாம். முப்பதையும் நூலால் கட்டித் தனியாக வைத்திருந்தேன். என்ன துணிச்சலில் அதைக் கட்டினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சாப்பாடு முடிந்து மலர் கைக்குக் கை போனது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். படத்தைத் தடவினார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், விரலை வைத்து வாய்விட்டுத்தான் வாசிப்பார். "மல்லாவியைப்... பிறப்பிடமாகவும்..." விரல் நின்றது. இன்னொருமுறை முதலிலிருந்து வாசித்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"தம்பி, இது வேற யாரோடதோ மாறி அடிச்சுட்டாங்க போலருக்கே."

முன்வரிசைக் கதிரைகள் திரும்பின.

"ஓம் மாமா. முந்தின ஆளின்ரை வரி நிண்டிட்டுது. கை தவறிட்டுது."

"அதான பாத்தேன்" என்றார் மாமா, பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்க. "தாயப் பறிகொடுத்த புள்ள, கண்ணு எங்க தெரியும்? அச்சுன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்." மற்றவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். என் மனிசி மட்டும் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று முழுக்க என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

பின்னேரம் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபோது, கட்டிவைத்த முப்பதையும் நீட்டினேன். மாமா அதைப் பார்த்தார், வாங்கவில்லை. "இருக்கட்டும் தம்பி, பஸ்ஸுல கசங்கிப் போயிரும்" என்றார். அங்கே அதை யாருக்குக் கொடுப்பார்? அம்மாவோடு ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த கிழவிகளுக்கு, அவள் இங்கே பிறக்கவில்லை என்று வாசித்துக் காட்டுவாரா? அன்றைக்கு அவர் வெறுங்கையோடு பஸ் ஏறியதைப் பார்த்தபோது, என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும் போல இருந்தது.

இரண்டு கிழமை கழித்துத்தான் கொப்பி வாங்கினேன். முதல் நாள் எழுதியதை வாசித்துவிட்டுக் கிழித்தேன். அம்மா அதிலும் அன்னாராகவே வந்தார், இன்முகம் கொண்டவராக. இத்தனை வருடம் மற்றவர்களின் வாழ்க்கைக்குச் சட்டை தைத்தவனுக்குத் தன் தாய்க்கு அளவெடுக்கத் தெரியவில்லை. அடுத்த நாள், "அம்மாவுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பறக்கும்" என்று எழுதினேன். அது நின்றது. அம்மா பேசியதை எழுதும்போது என் கை தானாகவே 'ஆமா'வை 'ஓம்' ஆக்கியது. வெட்டினேன், திரும்ப எழுதினேன். நாற்பது வருடத்துக்கு முன் தூக்கி எறிந்ததை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கவேண்டி இருந்தது.

பசறையைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது. குளிரும் சீமெந்து நிலமும் ஒரு சாக்குப் படங்கும் ஞாபகம் இருக்கின்றன. வேறில்லை. அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவுக்குப் போன் எடுக்கத் தொடங்கினேன். அவர் சொல்லுவார், நான் எழுதுவேன், அடுத்த ஞாயிறு வாசித்துக் காட்டுவேன். அம்மா பன்னிரண்டு வயதில் கூடை தூக்கியது, கங்காணிக்கு எதிர்க்கதை சொல்லி ஒரு நாள் பேரையும் அன்றைய கூலியையும் இழந்தது, பாட்டு நன்றாகப் பாடுவது. அம்மா பாடுவாரா? எங்கள் வீட்டில் ஒருநாளும் பாடிக் கேட்டதில்லை. "என்னக் கூப்புடறப்ப போன்ல பாடும்பா. மத்தியானத்துல, நீ கடைக்குப் போனப்பறம்" என்றார் மாமா.

போன ஞாயிறு, எழுதிக்கொண்டு போனவன் அந்தியேட்டி மலரின் கதைக்கு வந்துவிட்டேன். இதை மாமாவுக்குச் சொல்லாமல் கொப்பியில் மட்டும் எழுதினால் அதுவும் ஒரு களவுதான். "மாமா, அண்டைக்குக் கை தவறேல்லை. நான் தெரிஞ்சுகொண்டுதான் மாத்தாம விட்டனான்" என்றேன்.

"தெரியும்பா."

மாமாவே சொன்னார். "அக்கா முன்னாடியே சொல்லிருச்சு. 'அவன் போடமாட்டான்டா. நீ சபையில ஏதும் கேட்டு வச்சுராத, புள்ள தலகுனிஞ்சுரும்'னு. நான்தான் வாசிச்சதும் தாங்காம வாய விட்டுட்டேன். பொறகு சமாளிச்சேன்."

சபையில் என்னைக் காப்பாற்றியது என் பொய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். "பின்னை ஏன் மாமா என்னட்டைக் கேட்டவா? போடமாட்டன் எண்டு தெரிஞ்சும் ஏன் கேட்டவா?"

மாமா மெல்லச் சொன்னார்.

"பொறந்த ஊருப்பா. கேக்காம எப்புடிச் சாகுறது?"

நான் அழுதேன். மாமா போனை வைக்கவில்லை.