கியர் ஆயில்

சாவிக்காரனுக்கு இடது கால் பேருக்குத்தான் இருந்தது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அதைச் சூம்ப வைத்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் அந்தக் காலின் மேல் அவனுக்கு இருந்த கோபத்தைவிட, 'ஐயோ பாவம்' என்று தாங்கிப் பிடிக்க வருகிற கைகளின் மேல்தான் கோபம் அதிகம். முக்கியமாக அண்ணன் கை. அண்ணன் லாரிப் பட்டறை வைத்திருந்தார். நல்ல மனிதர், தம்பி என்றால் உயிரையே விடுவார். அப்படி விட்டு விட்டே தம்பியின் உயிரை வாங்கினார். தம்பி எங்கே போகலாம், எப்போது திரும்பலாம், எந்தச் சட்டை போடலாம் என்பதெல்லாம் கல்யாணம் ஆகும்வரை அவர் வைத்ததுதான் சட்டம்.

அதனால்தான் அந்தப் பழைய காரை ஒற்றைக் காலில் நின்று வாங்கினான். "எனக்கு இருக்கறதே ஒண்ணுதானே, அதுலதான நிக்கணும்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். ஆட்டோமேட்டிக் வண்டி. கிளச் கிடையாது, கியர் தானே மாறிக்கொள்ளும், இடது காலுக்கு அதில் வேலையே இல்லை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட வீடு, திறக்காத பீரோ என்று எங்கிருந்து கூப்பிட்டாலும், சாவி வெட்டும் மெஷினைப் பின்னால் போட்டுக்கொண்டு தானே ஓட்டிப் போவான். மனிதன் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்கிறார்களே, அவனுடைய சொந்தக் கால் அந்த நாலு சக்கரம்தான். அது இல்லாவிட்டால் மறுபடியும் அண்ணன் கைதான் என்பது அவனுக்குத் தெரியும். அவன் மனைவிக்கும் தெரியும்.

அந்த வண்டிதான் ஒழுக ஆரம்பித்தது.

"என்னங்க, வண்டிக்கு அடியில சிவப்பா ஏதோ சொட்டியிருக்கு" என்று மனைவிதான் முதலில் சொன்னாள். ஒரு அட்டையை அடியில் விரித்துப் பார்த்தான். சொட்டு விழுந்த இடம் கியர் பெட்டிக்கு நேர் கீழே.

"கியர் ஆயில் ஒழுகுது" என்றான் அவளிடம்.

அதற்கு வாயில் நுழையாத நீளப் பெயர் ஒன்று டப்பாவில் எழுதியிருக்கும். வீட்டில் யார் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? கியருக்கு ஊற்றுவது கியர் ஆயில். அன்றிலிருந்து இருவருக்கும் அதுதான் பெயர்.

சேதி காதில் விழுந்ததும் அண்ணன் போன் போட்டார். "அடித்தட்டு போல்ட்டை நல்லா இறுக்கிவிடுடா, நின்னுரும். இல்லன்னா பட்டறைக்குக் கொண்டாந்துரு."

"வேணாண்ணே, நானே பாத்துக்கறேன்."

இறுக்கினால் நிற்காது. எண்ணெய் தேங்கி நிற்கிற அந்தத் தகரத் தட்டை முன்பு எவனோ ஒரு புண்ணியவான் இறுக்கு இறுக்கென்று இறுக்கியதில்தான் விளிம்பு வளைந்து வழிவிட்டிருந்தது. சாவிக்காரன் வண்டியை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தி, பாயை விரித்து அடியில் படுத்தான். பழைய எண்ணெயைப் பேசினில் பிடித்தான். "இனி இந்தப் பேசின் எதுக்கும் ஆகாது" என்று அலுத்துக்கொண்டாலும் ஸ்பேனர்களைக் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தாள் மனைவி. தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே கசிவை அடைக்கிற கேஸ்கெட் சருகாய்க் காய்ந்து ஒட்டியிருந்தது, அதைச் சுரண்டி எடுத்தான். தட்டின் விளிம்பைப் பலகையில் வைத்துத் தட்டித் தட்டி நேராக்கினான். புதுக் கேஸ்கெட்டை வைத்து, போல்ட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். பூட்டு வேலை பார்த்த கை, எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும். வெளியே வந்தபோது முதுகு விண்விண்ணென்று தெறித்தது, முகமெல்லாம் கறுப்பு. அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

புது எண்ணெய் ஊற்றுவது மட்டும்தான் பாக்கி. மறுநாள் வரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் குழந்தை அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டது என்று ஆள் வந்தது. வந்தவரின் ஸ்கூட்டரிலேயே ஏறிப் போனான் சாவிக்காரன்.

அவன் அந்தப் பக்கம் போக, அண்ணன் இந்தப் பக்கம் வந்தார். வாசலில் கட்டை மேல் நிற்கிற வண்டியைப் பார்த்ததும் அவருக்குக் கை சும்மா இருக்குமா?

"எல்லாம் முடிஞ்சிருச்சு மாமா. கியர் ஆயில் மட்டும் ஊத்தணுமாம்" என்றாள் மனைவி.

"ப்பூ, இதுக்கா வண்டியத் தூக்கி வச்சுக்கிட்டுக் காத்திருக்கான்?"

லாரிப் பட்டறையில் கியர் ஆயில் என்றால் வேறு. பாகு மாதிரிக் கெட்டியாக இருக்கும். ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் போக வேண்டியது தண்ணீர் மாதிரி ஓடுகிற சிவப்பு எண்ணெய். இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பட்டறையிலிருந்து ஒரு டின்னைக் கொண்டுவந்து, எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி செருகுகிற ஒல்லிக் குழாயில் ஊற்றினார் அண்ணன். இறங்குவேனா என்றது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா? வெந்நீர் வைக்கச் சொல்லி, டின்னை அதில் முக்கி இளக்கி, பொறுமையாக, பாசமாக, ஒரு சொட்டு வீணாகாமல் ஊற்றி முடித்தார்.

"இது சிவப்பா இல்லையே மாமா?" என்று அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"கலர்ல என்னம்மா இருக்கு? நான் பாக்காத கியர் பெட்டியா?"

புருஷனின் அண்ணன். அதற்கு மேல் என்ன பேசுவாள்? அவர் வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கி, ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்.

குழந்தையை வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாவிக்காரன் திரும்பியபோது வண்டி தெரு முனையில் குறுக்கே நின்றது. கருகின வாடை தெரு முழுக்க. அண்ணன் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார்.

"இழுக்கவே மாட்டேங்குதுடா. ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சும் பாத்துட்டேன்."

சாவிக்காரன் அளவுக் கம்பியை உருவி விரலில் தொட்டுப் பார்த்தான். பிசுபிசுவென்று ஒட்டியது. பெரியவர் என்று பாராமல் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உதவி செய்கிறேன் என்று வருகிற ஆளை எந்தப் பூட்டைப் போட்டுத் தடுப்பது?

"யாரு ஊத்தச் சொன்னது?" என்று மனைவியிடம்தான் பாய்ந்தான். கோபம் எப்போதும் பள்ளத்தைப் பார்த்துத்தானே ஓடும்.

"நீங்கதானே கியர் ஆயில்னு சொன்னீங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

சொன்னது அவன்தான்.

பெட்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், உள்ளே இருந்த தகடுகளெல்லாம் தீய்ந்துவிட்டன, இந்தப் பழைய மாடலுக்கு இனிமேல் வேறு பெட்டி எங்கேயும் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார். அண்ணனுக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லக்கூடாது. பிறகு முகம் தெளிந்தது.

"விட்றா, பழைய இரும்பு. இனிமே எங்க போறதானாலும் என்கிட்ட சொல்லு. நான் எதுக்கு இருக்கேன்?"

அடுத்த வேலைக்கு அவர்தான் கூட்டிப் போனார். மாடி வீடு. மெஷினை அவர் தூக்கிக்கொண்டார். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க, தம்பிக்குக் கால் சரியில்ல" என்று படி நெடுகச் சொல்லிக்கொண்டே ஏறினார். வீட்டுக்கார அம்மாள் சாவிக்காரனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இவரால திறக்க முடியுங்களா?"

"நல்லா திறப்பான்மா" என்றார் அண்ணன் பெருமையாக.

திறந்தான். கண்மூடித் திறப்பதற்குள் திறந்தான். அந்த அம்மாள் அண்ணனுக்கு நன்றி சொன்னாள்.

வீட்டு வாசலில் இறக்கி விடும்போது அண்ணன் சந்தோஷமாக இருந்தார். பல வருஷங்களுக்குப் பிறகு தம்பி அவருக்குத் திரும்பக் கிடைத்திருந்தான்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டும்?"

"உங்களுக்கு எப்பத் தோதுப்படுதோ, அப்ப வாங்கண்ணே" என்றான் சாவிக்காரன்.