கியர் பிடிக்கிற உத்தியோகம்

எனக்கு ஏழு வயதிலேயே ஒரு உத்தியோகம் இருந்தது. மாமாவின் காரில் கியர் பிடிப்பது.

அம்மாவின் தம்பியான மாமா பெரம்பலூரில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். உலக யுத்தம் முடிந்து சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரர் கழித்துவிட்டுப் போன கார் அது. பந்தயத்துக்கென்றே செய்ததாம். இரண்டே இருக்கை, மேலே மடக்குகிற கித்தான் கூரை. வயதாகிவிட்டதால் அதன் கியர்க் கம்பி விழப்போகிற பல் மாதிரி ஆடும். டாப் கியரில் போட்டுக் கையை எடுத்தால் துள்ளி வெளியே வந்துவிடும். அதனால் மாமா "புடி" என்றதும் நான் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். "விடு" என்றால் விட வேண்டும்.

பிடித்தபடியே அண்ணாந்து பார்ப்பேன். புளியமரங்கள் தலைக்கு மேல் கிளை கோத்துக்கொண்டு பின்னால் மிதந்து போகும். சோளக் காடு, பருத்திக் காடு, பிறகு வெறும் வானம். வண்டி ஓடுகிறதா, வானம் ஓடுகிறதா என்பது மறந்து போகும். நான் இல்லாமல் அந்த வண்டி நகராது என்று மனதார நம்பினேன்.

மாமாவுக்கு அரியலூரில் பெண் எடுத்தார்கள். கல்யாணம் முடிந்து மறுவீடு போகிற நாள் வந்தது. மற்றவர்களெல்லாம் பஸ்ஸில், பொண்ணு மாப்பிள்ளை மட்டும் காரில் என்று முடிவானது.

"மொதல்ல அந்தக் கியரைச் சரி பண்ணுடா. பொண்டாட்டி ஒக்கார வேணாமா? இவளைத் தூக்கி எங்க வைக்கிறது?" என்றாள் அம்மா.

இவள் என்றது என்னை.

மாமா கம்பியின் அடிமூடியைக் கழற்றினார். கம்பி இறங்குகிற ஓட்டை தேய்ந்து அகன்றிருந்தது. உள்ளே அதைப் பிடித்து வைக்கிற ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போட்டார். ஓட்டைக்குள் சுற்றி வைக்க மெல்லிய பித்தளைத் தகடு வேண்டியிருந்தது. நான் பால் குடிக்கிற பித்தளை டம்ளர் விளிம்பில் விரிசல் விட்டிருந்ததால், என்னைக் கேட்காமலே வெட்டிவிட்டார். என் டம்ளரை வைத்தே என் உத்தியோகத்துக்கு உலை வைத்துவிட்டாரே என்று அன்று முழுக்க அழுதேன். கம்பி அசையாமல் நின்றது.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் காரில் ஏறி, கம்பியைக் கட்டிக்கொண்டேன். அம்மா இழுத்துப் பார்த்தாள். நான் விடவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து குனிந்த தலை நிமிராத புது அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"பாப்பாவும் வரட்டும் அண்ணி. தனியாப் போக எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"புருசன்கூடப் போறது தனியாப் போறதா?"

"இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்குக்கா," என்றார் மாமா அவசரமாக.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அத்தையின் மடியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு போனேன். பேரளி கிராமம் தாண்டியதும் என் கைமேல் அத்தையின் மருதாணிக் கை வந்து உட்கார்ந்தது. அதன்மேல் மாமாவின் கை. என் பலத்தில் இவர்களுக்கு நம்பிக்கை இல்லையே என்று கோபம் வந்தது.

"நானே புடிச்சிக்குவேன். கைய எடுங்க."

எடுத்தார்கள். புளியமரங்கள் மிதந்தன. கொஞ்ச நேரத்தில் இரண்டு கையும் திரும்ப வந்துவிட்டன. அத்தையின் மடிச்சூட்டில் எனக்குத் தூக்கம் சொக்கியது. ஆனாலும் பிடியை விடவில்லை. கியர் ஒருமுறைகூடத் துள்ளவில்லை. உள்ளே என் டம்ளர் உட்கார்ந்திருப்பதே நினைவில் இல்லை, எல்லாப் பெருமையும் என் கைக்குத்தான்.

சுண்ணாம்புக்கல் தூசியில் பாதை வெளுத்தது. அரியலூர் வந்துவிட்டது. ஆரத்தி எடுத்து முடிந்ததும், கூடியிருந்த சொந்தபந்தத்தின் நடுவே அத்தையின் அம்மா, "வழியெல்லாம் சௌகரியமா வந்தீங்களா?" என்று மாமாவைக் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் கியரைப் புடிச்சிக்கிட்டு வந்தேன். இவங்க ரெண்டு பேரும் வழிநெடுக என் கையப் போட்டு நசுக்கிட்டாங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தை முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். மாமா திரும்பிப் போய், ஒரு கோளாறும் இல்லாத வண்டியின் மூடியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டார்.

கை வலிக்கிறது என்றுதானே சொன்னேன், அதற்கு ஏன் இத்தனை கூத்து என்று எனக்கு விளங்கவே இல்லை.