சொக் இன்ஜா படித்த பள்ளிக்கூடம்

இன்ஜா வீட்டுக் குளியல் தொட்டி நிறைய முட்டைக்கோஸ் உப்பில் ஊறிக்கொண்டிருந்தது. மல்சுன் தொட்டியோரம் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அடியில் கிடந்தது மேலே, மேலே கிடந்தது அடியில். முந்தின நாள் சாயங்காலமே வந்து, காய்களை இரண்டாகப் பிளந்து, இலை இலையாக விரித்துக் கல்லுப்புத் தூவியதும் அவள்தான். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற வீட்டில் மசாலா தடவுவது கூடியிருந்து சிரித்துப் பேசிச் செய்கிற வேலை. உப்புப் போடுவது தனியாளின் வேலை. வருடா வருடம் அது மல்சுன் பங்குக்கே வந்தது. அவளிடம் அதைச் செய்யச் சொன்னவர் யாருமில்லை.

ஒரு தண்டை எடுத்து வளைத்துப் பார்த்தாள். ஒடியாமல் வளைந்தது. பதம் வந்துவிட்டது.

கூடையோடு இன்ஜா உள்ளே வந்தாள். ஐம்பத்தொரு வயது. பெரியப்பா மகள், நான்கு வயது மூத்தவள். இந்த நேரத்துக்காகத்தான் மல்சுன் காத்திருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் விஷயத்தைச் சொன்னாள். கல்வி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு வந்ததையும், வருகிற செவ்வாய்க்கிழமை வரச்சொல்லியிருப்பதையும், அக்கா வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதையும் சொன்னாள். இன்ஜா ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள். இன்னொரு தரம் அலசச் சொல்லிவிட்டு, மற்றதைச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசலாம் என்று கூடையை வைத்துவிட்டுப் போனாள்.

மல்சுன் இன்னொரு தரம் அலசினாள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் முப்பது வருடத்துக் கதை இருந்தது. மல்சுனுக்குப் பதினான்கு வயதில் அப்பா மாட்டுவண்டிக்கு அடியில் சிக்கி இடுப்பொடிந்தார். தம்பி கெட்டிக்காரன், அவனைப் படிக்கவைத்தாக வேண்டும். பூசான் நகரத்து ஷூ கம்பெனிகள் அப்போது கிராமம் கிராமமாக ஆள் அனுப்பிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தன. ஆனால் பதினாறு நிரம்பாதவளை எடுக்கமாட்டார்கள். அதற்கு ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று இருந்தது. அக்காவின் பெயரிலோ அத்தை மகளின் பெயரிலோ பதிவுச் சான்று வாங்கிக்கொண்டு போய்ச் சேர வேண்டியதுதான். வயசு குறைந்த பெண் இருக்கிற வீட்டுக்கெல்லாம் அப்படி ஒரு பெயர் இரவல் வந்துகொண்டிருந்தது. பெரியப்பா மறுக்கவில்லை. நோயாளிப் பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டு இன்ஜா வீட்டோடு இருந்தாள். பெயர் சும்மாதானே கிடக்கிறது என்றார் அவர்.

அன்றிலிருந்து மல்சுனின் நெஞ்சில் 'சொக் இன்ஜா' என்று ஒரு பட்டை தொங்கியது. முதலில் சில வாரம் மேஸ்திரி கூப்பிட்டால் அவள் திரும்பமாட்டாள். தலையில் தட்டுவான். அப்புறம் பழகிவிட்டது. ஷூவின் மேல்தோலைத் தைக்கிற வரிசையில் உட்கார்ந்தாள். பின்னால் பசை தடவுகிறவர்கள்; ஆள் குறைந்த நாளில் அவளும் போய்த் தடவ வேண்டும். அந்த நெடியில் மதியச் சோற்றுக்கு முன்பே தலை சுற்றும். ராத்திரி விடுதியில் படுத்தால் ஊசி ஏறி இறங்குகிற சத்தம் காதுக்குள்ளேயே ஓடும்.

அடுத்த வருடம் கம்பெனிக்காரர்கள் வளாகத்துக்குள்ளேயே பள்ளிக்கூடம் கட்டினார்கள். பள்ளிக்கூடம் இருந்தால் பெண்கள் வேறு கம்பெனிக்கு ஓடமாட்டார்கள் என்பது கணக்கு. பகல் முழுக்கத் தையல், சாயங்காலம் சீருடை. ஆறாவதோடு நின்றுபோன பெண்கள் மறுபடி புத்தகத்தைத் தொட்டார்கள். வேலையாட்களின் வருகைப் பட்டியலே வகுப்புப் பட்டியலாகிவிட்டதால் மல்சுன் அங்கேயும் இன்ஜாதான். பெயரை மாற்றிக்கொள்ள அவள் ஒரு தரம் மேஸ்திரியிடம் வாய் திறந்தாள். திறந்தால் வேலையும் போகும், பெரியப்பாவுக்கும் வம்பு வரும் என்றான். மூடிக்கொண்டாள். ஆறு வருடம், தூங்கி வழிந்தும் எழுந்து நின்றும், மேல்நிலை வரைக்கும் முடித்தாள். சான்றிதழ் வந்தது. அதில் இருந்தது அக்காவின் பெயர்.

அந்த வசந்தத்தில் இன்ஜாவுக்கு நகராட்சியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை வந்தான். பெண் எதுவரை படித்திருக்கிறாள் என்று கேட்டார்கள். காலம் மாறியிருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் யாரும் கேட்டிராத கேள்வி அது. பெரியப்பா உலர்ந்த சீமைப் பனிச்சைப் பழம் ஒரு பை எடுத்துக்கொண்டு விடுதி வாசலுக்கு வந்தார். சும்மா காட்டத்தான் என்றார். "பேரு அவளோடதுதானே, மல்சுன்." பெயரைக் கொடுத்தவர்கள் கேட்கும்போது பெயரோடு ஒட்டிக்கொண்டதையும் கொடுக்கத்தானே வேண்டும். கொடுத்தாள். தையல் வரிசையில் யாரும் அந்தக் காகிதத்தைக் கேட்டதில்லை என்பதால் பெரிய இழப்பாகவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு மல்சுன் கல்யாணம் செய்துகொண்டாள், சொந்தப் பெயருக்குத் திரும்பினாள், வேறு கம்பெனியில் 'ஆறாவது தேர்ச்சி' என்று சேர்ந்தாள். தம்பி பொறியாளராகி உல்சான் கார் கம்பெனிக்குப் போனான். சில வருடம் கழித்து ஷூ வேலை மொத்தமும் இந்தோனேசியாவுக்குக் கிளம்பியது. கடைசி வாரம் அவரவர் மெஷினை அவரவரே துடைத்து, எண்ணெய் விட்டு, சாக்கில் சுற்றிக் கட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். மல்சுன் ஊசியைக் கழற்றித் தனியாகப் பஞ்சில் வைத்துக் கட்டினாள். அங்கே தைக்கப் போகிறவள் விரலில் குத்திவிடக்கூடாது என்று.

பசை வாசத்தில் பதினைந்து வருடம் நின்ற புருஷன் நுரையீரல் கெட்டுச் செத்தான். அவள் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிக்குப் போனாள். கூண்டுக்குள் உட்கார்ந்து, சீட்டு வாங்கி, சில்லறை கொடுத்து, ஒவ்வொரு வண்டிக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். அப்புறம் கண்ணாடியில் சின்னப் பெட்டி ஒட்டிய வண்டிகள் நிற்காமலே போக ஆரம்பித்தன. முதலில் ஒரு வழி, பிறகு பாதி வழி. கடைசி நாட்களில் அவள் கூண்டில் நின்றவர்கள் லாரிக்காரர்களும் வழி தவறியவர்களும்தான். ஒரு லாரிக்காரன் கேட்டான், "ஏம்மா, உன்னையும் இந்தக் கூண்டையும் சேர்த்தே பெயர்த்துட்டுப் போவாங்களா?" கூண்டு இன்னும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

இப்போது முதியோர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். மருமகள்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட்ட காலம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத கிழங்கள் அறைக்கு ஆறு பேராகப் படுத்திருக்கிறார்கள். அங்கேயும் கோடையில் தரையைத் தானே கழுவி உறிஞ்சுகிற வண்டி ஒன்று வந்து இறங்கியது. நான்கு பேர் துடைத்த தரைக்கு இனி ஒருத்தி போதும். வசந்தத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டு, நர்ஸ் உதவியாளர் படிப்பு படித்துவிட்டு வா, வைத்துக்கொள்கிறேன் என்றாள். சேர்வதற்கு மேல்நிலைச் சான்று வேண்டும்.

தனித்தேர்வு எழுதினால் போயிற்று என்றான் தம்பி, போனில். அக்காவின் தையலில் படித்தவன். "ஒரே பிள்ளைய ரெண்டு தடவை பெத்துக்கச் சொல்றியா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். பதினாறு வயதில், பதினேழு வயதில் அவள் தூக்கத்தை விற்று வாங்கிய படிப்பு அது. மறுபடி வாங்க அவளிடம் தூக்கமும் இல்லை, கண்ணும் இல்லை.

கல்வி அலுவலகத்துப் பெண் பொறுமையாகக் கேட்டாள். இப்படி நிறைய பேர் வருகிறார்கள் என்றாள். கூடப் படித்தவர்கள் இரண்டு பேர் வர வேண்டும், பெயருக்குரியவரும் நேரில் வந்து 'நான் படிக்கவில்லை, இவள்தான் படித்தாள்' என்று சொல்ல வேண்டும். கூடப் படித்தவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி இன்றைக்கும் போனில் அவளை 'இன்ஜா' என்றுதான் கூப்பிடுகிறாள்.

கூடத்தில் பாய் விரித்து, மிளகாய்த்தூளும் உப்பிட்ட இறாலும் பூண்டும் முள்ளங்கிச் சீவலும் கலந்த மசாலாவைப் பெரிய தாம்பாளத்தில் குவித்திருந்தார்கள். நான்கு பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். இன்ஜா, அவள் நாத்தனார், மருமகள் ஹேரிம், மல்சுன். இன்ஜாவின் புருஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சிநேகிதர்களோடு மலை ஏறப் போயிருந்தார். அடுப்பில் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது.

நாத்தனார் ஓர் இலையைச் சுவைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "எங்க காலத்துல வீட்டுக்கு வந்த பொம்பளைகள்ல ஹைஸ்கூல் முடிச்சவ அண்ணி ஒருத்திதான். அதான் உப்புப் போட மட்டும் ஆள் வரவழைக்க வேண்டியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மல்சுனும் சிரித்தாள்.

ஹேரிம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கையுறை மாட்டிய கையால் மாமியாருக்கு ஒரு துண்டு ஊட்டிவிட்டு, புத்தகப் பக்கம் விரலில் ஒட்டிக்கொண்ட கதையைச் சொல்லச் சொன்னாள். இந்த வருடம் முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொன்னாளாம். வேலை செய்துகொண்டே படித்த மாமியாரின் கதை. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, ஒரு தாயார் கண்கலங்கி வந்து கேட்டாளாம்.

இன்ஜா வேண்டாம் வேண்டாம் என்றாள். அப்புறம் சொன்னாள். மல்சுன் முட்டைக்கோஸின் உள் இலையிலிருந்து மசாலாவைத் தடவிக்கொண்டே கேட்டாள். விரலில் பசை காயாமலே வகுப்புக்கு ஓடி வந்தது. அறிவியல் புத்தகத்தில் இதயப் படம் இருந்த பக்கம் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் படம் பாதியாகக் கிழிந்து, விரலோடு வந்துவிட்டது. எல்லாம் சரியாகவே இருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு மல்சுன் சொல்லச் சொல்ல இன்ஜா கேட்ட கதை.

"வாத்தியார் என் விரலைப் பாத்துட்டு, 'இன்ஜாவோட இதயம் கைக்கு வந்திடுச்சு'ன்னு சொன்னார் பாரு, வகுப்பே சிரிச்சுது. அவரும் சிரிச்சார்."

"சிரிக்கலை," என்றாள் மல்சுன். "அடிச்சார். பிரம்பால, புறங்கையில. கம்பெனி கொடுத்த புத்தகம்னு."

ஹேரிம் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும், சித்தி?"

தாம்பாளத்தில் இருந்த கைகள் நின்றன. நாத்தனார் மட்டும் ஒன்றும் கவனிக்காமல் பூண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். மல்சுன் அக்காவைப் பார்த்தாள். அக்கா தன் கையிலிருந்த முட்டைக்கோஸைச் சுற்றி, வெளி இலையால் மூடி, பொட்டலம்போல் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இவளும் அதே கம்பெனிதானே," என்றாள் இன்ஜா. "யாராவது சொல்லிக் கேட்டிருப்பா."

அந்த இடத்தில் மல்சுன் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. இன்னொருவர் வீட்டில், அவர் மருமகள் முன்னால், அவர் மசாலாவில் கையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? மிளகாய்த்தூள் இன்னும் ஒரு கை போடலாம் என்றாள். ஹேரிம் எடுத்துவரப் போனாள்.

நிரப்பிய டப்பாக்களைச் சமையலறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறைக்கு இன்ஜாவும் மல்சுனும் தூக்கிப்போனார்கள். கிம்ச்சிக்கென்றே வாங்கிய ஃப்ரிட்ஜ் அங்கே நின்றது. சாடியைத் தோட்டத்து மண்ணில் புதைக்கிற காலம் போய்விட்டது, பதின்மூன்றாவது மாடியில் எதைத் தோண்டுவது. இன்ஜா கதவைச் சாத்தினாள்.

"நீ அங்க வச்சு அப்படிப் பேசியிருக்க வேண்டாம்."

மல்சுன் தப்புதான் என்றாள். பிறகு செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டாள். வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, ஒரு கையெழுத்து, அரை மணி நேரம் என்றாள்.

இன்ஜா டப்பாக்களை அடுக்கிக்கொண்டே, தெரியாமல் போகாது என்றாள். நகராட்சியில் முப்பது வருடம் இருந்தவரின் மனைவி பெயர், நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். ஹேரிமின் பெற்றோர் இருவரும் வாத்தியார்கள். மகனுக்குக் கல்யாணம் பேசியபோது இன்ஜா அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். "அவ அதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டு இருக்கா. நாளைக்கு நான் போய், நான் ஆறாங்கிளாஸ்காரிம்மான்னு நிக்கணுமா?"

"நானும் ஆறாங்கிளாஸ்காரியாத்தான் நிக்கிறேன், அக்கா. இருபத்தாறு வருஷமா."

இன்ஜா ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவள் குரல் தாழ்ந்தது.

"நீ ஒண்ணை யோசிச்சதே இல்லை. என் பேரை நீ எடுத்துட்டுப் போயிட்டே. அம்மா அடுத்த வருஷமே செத்துட்டா. அப்புறம் நான் எதுக்கு ஊர்ல கிடந்தேன்? கம்பெனிக்காரன் மறுபடி வந்தான். என் வயசுக்காரிங்க எல்லாம் வண்டி ஏறினாங்க. ஒரே பேர்ல ரெண்டு பேர் எப்படிப் போறது? அப்பா, மல்சுன் வேலைக்கு உலை வச்சிடாதேன்னுட்டார். அந்தப் பள்ளிக்கூடம் எனக்கு வந்ததுடி. என் பேர்ல வந்தது."

மல்சுனுக்கு அது புதிது. பெரியம்மா சாவுக்கு அவள் ஊர் போயிருந்தாள். இன்ஜா வாசலில் உட்கார்ந்து பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அம்மா போன துக்கம் என்றுதான் அப்போது நினைத்தாள். கையுறையின் விரல்களிலிருந்து சிவப்பாகச் சொட்டியதை மறு கையால் வழித்துவிட்டாள். அடிவாங்கினது யார் என்று கேட்கலாம். அடிவாங்கவாவது கொடுத்து வைத்தாயே என்பாள் அக்கா.

"சரி அக்கா," என்றாள். "பேரும் கதையும் உன்கிட்டயே இருக்கட்டும். ஹேரிம் சொல்லிக்கிட்டே இருக்கட்டும். எனக்கு அந்தப் படிப்பு மட்டும் வேணும். வசந்தத்தோட வேலை போகுது. நாற்பத்தேழு வயசுல என்னை வேற எங்க எடுப்பாங்க? செவ்வாய்க்கிழமை வர்றியா?"

வெளியிலிருந்து ஹேரிம் கூப்பிட்டாள், கறி ஆறுகிறது, இரண்டு பேரும் வாருங்கள் என்று.

இன்ஜா கடைசி டப்பாவை உள்ளே தள்ளி ஃப்ரிட்ஜை மூடினாள். கதவில் ஒட்டியிருந்த மசாலாவை விரலால் வழித்து, ஏப்ரனில் துடைத்தாள். மல்சுனுக்கென்று ஒதுக்கிய டப்பாவைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு, அவள் காலடியில் வைத்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு, கறி வெட்டப் போனாள்.