போதும்பொண்ணு விஜயா ஆனாள்

மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் ஒரு விதி உண்டு: லேபிளில் ஓர் எழுத்து பிசகினாலும் சரக்கு வெளியே போகக் கூடாது. தெலுங்கு பேசும் ஜீடிமெட்லாவில் அந்த விதியை நாள் முழுக்கக் காப்பாற்றிய நான், முப்பது வயதுவரை என் சொந்தப் பெயரைச் சொல்லக் கூசினேன். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டவர்கள், கல்யாணப் பத்திரிகையில் பெயரைச் சுருக்கிப் போட்டவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காரணப் பெயர்

செய்யாறு பக்கம் எங்கள் ஊர். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த அக்காவுக்கு வேண்டா என்று பெயர் வைத்தார்கள். நான்காவதாக வந்த நான் போதும்பொண்ணு. இப்படி வைத்தால் அடுத்தது பையன் என்று ஒரு நம்பிக்கை. அடுத்ததும் பெண்தான். அப்பாவுக்கு அந்த வைத்தியம் வெறுத்துப்போய், அவளுக்கு மட்டும் அழகாக அபிராமி என்று வைத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் யாராவது கேலி செய்து நான் அழுதுகொண்டு வந்தால், அபிராமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆறுதல் சொல்வாள்: "நீ மட்டும் பையனாப் பொறந்திருந்தா நான் பொறந்தே இருக்க மாட்டேன்க்கா. ரொம்பத் தாங்க்ஸ்."

கிளம்பலாம்

தெலுங்கில் 'போதாம்' என்றால் கிளம்பலாம் என்று பொருள். இது வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குத் தெரியாது. கம்பெனி பஸ்ஸின் படியில் நின்று சூப்பர்வைசர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். என் முறை வந்து "போதும்..." என்று அவர் இழுத்ததுதான் தாமதம், டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். பாதிப் பேர் இன்னும் கீழே நின்றுகொண்டிருந்தார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். என் பெயரைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். இந்த ஊரில் அதற்கு அர்த்தம் தெரிந்தவர் யாருமில்லையே! டிரைவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "உங்க பேரு சூப்பர் பேரு மேடம். கேட்டாலே கால் தானா ஆக்ஸிலேட்டருக்குப் போகுது!"

அர்த்தம் சொன்னவர்

அந்த நிம்மதி, பேக்கிங் பிரிவுக்குப் புது மேனேஜர் வரும்வரை நீடித்தது. அவர் மதுரைக்காரர். முதல் மீட்டிங்கிலேயே என் அடையாள அட்டையைப் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா உங்களுக்கு?" என்று மற்றவர்களிடம் இங்கிலீஷில் விளக்கவும் செய்தார். பொண்ணு போதும், இனிமேல் வேண்டாம் என்று.

யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. நான் கேன்டீனுக்கு எழுந்து போய், டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன். என்னோடு லேபில் வேலை செய்யும் ஸ்ரீலதா பின்னாலேயே வந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் தெலுங்கில் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ அதை ஏன் இன்னும் சுமந்துட்டு இருக்கே?"

வெற்றிக்கு வந்த சோதனை

மாற்றுவது என்று முடிவானதும் நான் ஆசைப்பட்ட பெயர் வெற்றிச்செல்வி. ஸ்ரீலதா இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அவள் வாயில் அது 'வெட்டி' என்றுதான் வந்தது. தெலுங்கில் அப்படியென்றால் கூலியில்லாமல் வாங்கும் வேலையாம். தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது!

இரண்டு பாஷைக்கும் பொதுவாக வெற்றி என்றே பொருள்படும் பெயரை அவள்தான் சொன்னாள். "விஜயான்னு வெச்சுக்கோ. எவனும் அர்த்தம் கேக்க மாட்டான். கேட்டாலும் நீ நிமிர்ந்து சொல்லலாம்."

நக்கோ

குக்கட்பல்லி கோர்ட்டுக்கு எதிரே ஒரு நோட்டரி வக்கீல். கல்யாணம், விவாகரத்து, நியூமராலஜி என்று பெயர் மாற்றத்துக்கான காரணங்கள் எல்லாவற்றுக்கும் அவரிடம் அஃபிடவிட் தயாராக இருந்தது. நியூமராலஜி என்று போட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று சொல்லி, அதையே டைப் அடிக்கவும் வைத்துவிட்டார்.

பேனாவை வாங்கிய எனக்குக் கையெழுத்துப் போட வரவில்லை. "அது பொய் சார். நாலாவதும் பெண்ணாகப் பிறந்துட்டேன்னு வெச்ச பேர் இது. அதையே எழுதுங்க" என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், கொஞ்சம் சத்தமாகவே. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, டைப் அடிக்கும் பெண்ணிடம் சொன்னார்: "நியூமராலஜி நக்கோ. மேடம் சொன்னதையே அடி, ஒரு வார்த்தையும் விடாம." நக்கோ என்றால் இந்த ஊர் ஹிந்தியில் வேண்டாம்.

செய்யாற்றிலிருந்து போன்

பேப்பரில் விளம்பரம் வந்து, அரசிதழிலும் பெயர் ஏறிய பிறகுதான் வீட்டில் சொன்னேன். புது அடையாள அட்டையைப் பார்த்த மதுரைக்காரர்கூட "கன்கிராட்ஸ், விஜயா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டார். அப்பாதான் குதித்தார். "பெத்தவங்க வெச்ச பேர, எங்கள ஒரு வார்த்த கேக்காம மாத்திக்கினியா?"

"வைக்கும்போது என்னைக் கேட்டீங்களாப்பா?" என்றேன். அம்மா போனை வாங்கி, "இன்னா பேரு?" என்று கேட்டாள். சொன்னேன். விஜயா, விஜயா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் அம்மாவே கூப்பிட்டாள். "விஜயா, உங்கக்கா வேண்டா பக்கத்துல குந்திக்கினு கீறா. அவளும் மாத்திக்கணுமாம். எங்க போவணும், இன்னா பண்ணணும்னு வெவரமா சொல்லு. உங்கப்பாதான் கூட்டிக்கினு போறாராம்."

இப்போது எனக்கு இருக்கும் ஒரே கஷ்டம், கம்பெனியில் எங்கள் பிளாக்கில் ஏற்கெனவே இரண்டு விஜயாக்கள் இருப்பதால் யார் எந்த விஜயாவைக் கூப்பிட்டாலும் முதலில் எழுந்து நிற்பது நானாக இருப்பதுதான்.