எட்டு மில்லிமீட்டர்

விரிசல் அளப்பது என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். மலேசியாவின் ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆறு பழைய கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்து மனையில் ஹோட்டல் கட்டப் பள்ளம் தோண்டுகிறார்கள். அந்த அதிர்வில் பழைய சுவர்கள் விலகுகின்றனவா என்று பார்க்க, விரிசல்களின் குறுக்கே சின்ன பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டியிருக்கிறோம். புதன்கிழமை தோறும் போய், தகட்டில் சிவப்புக் கோடு எங்கே நிற்கிறது என்று படித்துப் படிவத்தில் எழுத வேண்டும். பெரும்பாலும் ஒரே சொல்தான் எழுதுவேன்: மாற்றமில்லை.

பாரம்பரியக் கட்டடங்கள் என்பதால் இந்த வீடுகளில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். ஜன்னலுக்கு என்ன சாயம் பூசலாம் என்பதற்குக் கூட விதி இருக்கிறது. குடியிருந்தவர்களுக்குத்தான் விதி ஒன்றும் இல்லை. வாடகை ஏற ஏற, ஒவ்வொருவராக ஜெலுத்தோங் அடுக்குமாடிகளுக்கும் கடலுக்கு அப்பால் பிறைப் பக்கமும் போய்விட்டார்கள். நானும் அப்படிப் போனவள்தான், அழுதுகொண்டு போகவில்லை, லிஃப்ட் இருந்தது. ஆறு வீடுகளில் இப்போது ஒன்றில்தான் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கீழே சாப்பாட்டுக்கடை, மேலே கடைக்காரரின் குடும்பம்.

ஜெலுத்தோங்கில் என் எதிர்வீட்டுக்காரர் யேமனிலிருந்து வந்தவர். சிவில் எஞ்சினியரிங் படிக்க வந்தார், படிப்பு முடிவதற்குள் அங்கே போர் தொடங்கிவிட்டது. இப்போது ஓர் அரபு உணவகத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறார். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். ‘அக்கா’ மட்டும், மாடியில் எல்லோரும் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார். நாங்கள் பேசியதைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்.

“அக்கா, நீங்க விரிசல் பாக்கிற ஆளுதானே? எங்க வீட்டையும் கொஞ்சம் பாருங்களேன்.”

“எங்க, உங்க சமையல்கட்டுலயா?”

“இல்லக்கா. ஊர்ல, அம்மா வீடு.”

போனில் படம் காட்டினார். யேமன் தலைநகர் சனாவின் பழைய நகரத்தில் ஐந்து மாடி வீடு, செங்கல்லும் மண்ணுமாக எழும்பி நின்றது. ஜன்னல்களைச் சுற்றி வெள்ளை வெளேரென்று சுண்ண வேலைப்பாடு. சில தெரு தள்ளிக் குண்டு விழுந்ததில் நான்காம் மாடிச் சுவர் விரிசல் விட்டிருந்தது. அம்மா தனியாக இருந்தார். மலைப்பக்கத்து ஊரிலிருக்கும் அவருடைய தங்கை வீட்டுக்குப் போகச் சொல்லி மகன் கெஞ்சியும் அசையவில்லை. கடைசியில் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. விரிசல் பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் அம்மா கிளம்பிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் விரிசலோடு ஸ்கேலைச் சேர்த்துப் பிடித்து அம்மா படம் அனுப்புவார்.

“நீங்க எஞ்சினியருக்குப் படிச்சவரு. உங்களுக்குத் தெரியாததா?” என்றேன்.

“நான் பாத்தா ஒரு நாள் தலைமயிர் மாதிரி தெரியுது, ஒரு நாள் வாசக்கதவு மாதிரி தெரியுது. எனக்கு அம்மா வீடு. உங்களுக்கு யாரோ வீடு லா.”

எனக்கு அந்தக் காரணம் பிடித்திருந்தது. யாரோ வீடு என்றால் என்னால் நன்றாகப் பார்க்க முடியும்.

ஐந்தரை, ஆறரை, ஏழு என்று போனது. படம் வந்ததும் அவர் அதை எனக்கும் அனுப்பிவிட்டுக் கதவைத் தட்டுவார், நான் எண்ணைச் சொல்வேன், அவர் அம்மாவுக்கு அதைச் சொல்வார். மற்றபடி அங்கே என்ன நடக்கிறது என்று நான் கேட்டதில்லை. ஆனால் இரண்டு ஊரையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. வயதில் அந்த ஊரின் முன்னால் ஜார்ஜ் டவுன் தவழும் குழந்தை. உண்மையிலேயே பழையது வேண்டுமென்றால் நாங்கள் கடல் தாண்டிக் கடாரத்துக்குப் போய்ப் பழைய கோயில்களின் செங்கல் மேடுகளைத்தான் காட்ட வேண்டும். ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல் அவரிடம் சொன்னேன்.

“எங்க ஊர்ல வீடு நிக்குது, ஆளு போயாச்சு. உங்க ஊர்ல ஆளு நிக்குது, வீடு போவுது. ரெண்டும் ஒண்ணுதான் போல.”

அவர் சிரிக்கவில்லை. “ஒண்ணு இல்லக்கா. உங்க ஊர்ல போனவங்க உயிரோட போனாங்க” என்றார். அன்று வீட்டுக்குள் போய்த் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளி எட்டு. அதற்கடுத்த வெள்ளியும் எட்டு, அதற்கடுத்ததும் எட்டு. நின்றுவிட்டது, நல்ல செய்தி என்று சொன்னேன். அவர் அன்று ஒரு தட்டு நிறைய இறைச்சிச் சோறு கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் பெருமையாக இருந்தது, ஏதோ நான்தான் சுவரைப் பிடித்து நிறுத்தியது போல.

புதன்கிழமை சந்துக்குப் போனேன். ஒரு வாரம் விடாத மழை. சாப்பாட்டுக்கடைச் சுவரில் கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. கடைக்காரர் தேநீரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, வீடு விழுந்துருமா?”

“விழாது அண்ணே. மழைக்கு இப்படிப் போவும், வெயிலுக்குத் திரும்பி வரும். பழைய சுவர் சும்மா இருக்காது. மழைக்கும் வெயிலுக்கும் ஒரே இடத்துல அசையாம நின்னாத்தான் சந்தேகப்படணும், தகடு கழண்டிருக்கும்.”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அந்த மூன்று எட்டும் ஞாபகம் வந்தது. போனை எடுத்து மூன்று வெள்ளிக்கிழமைப் படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்கேலின் ஓரத்தில் அதே கட்டைவிரல், விரலின் நிழல் அதே செங்கல்லில். மூன்றும் ஒரே படம். வாரம் முழுக்க விரிசல் பார்க்கிறவள், எட்டு என்ற எண்ணைப் பார்த்ததோடு நின்றுவிட்டேன். ‘மாற்றமில்லை’ என்று எழுதுவதுதான் இந்த ஊரில் எனக்கு நல்ல செய்தி. அதே பழக்கத்தை அந்தச் சுவருக்கும் பொருத்திவிட்டேன்.

அன்றே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தாய்க்கும் மகனுக்கும் நடுவில் நான் யார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் தப்பு செய்தது தெரிந்துவிடுமே என்ற பயம்தான். வெள்ளிக்கிழமை நான்காவது முறையாக அதே படம் வந்தபோதுதான் சொன்னேன்.

அவர் என் வாசலில் நின்றபடியே வீடியோ அழைப்பு போட்டார். அம்மா முதலில் சிரித்து மழுப்பினார். மகன் குரல் உயர்ந்ததும் போனை எடுத்துக்கொண்டு மாடியேறினார். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு சுவரைக் காட்டினார். அளக்க ஸ்கேல் வேண்டியிருக்கவில்லை, விரிசலுக்குள் அவருடைய சுண்டுவிரல் போனது.

பத்தைத் தாண்டியதுமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிளம்ப மனமில்லாமல் பழைய படத்தையே அனுப்பியிருக்கிறார். அவர் பேசப்பேச மகன் ஒவ்வொரு வாக்கியமாக மலாயில் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்து நாளுக்கு முன் தங்கை மகன் வண்டி எடுத்துக்கொண்டு வந்து கூப்பிட்டானாம். தெருவில் மிச்சமிருந்த குடும்பங்கள் அந்த வண்டியில் ஏறிப் போய்விட்டன. இவர் ஏறவில்லை. அதற்கு என்ன காரணம் சொன்னார் என்பதற்கு வந்ததும் மகன் கொஞ்சம் தயங்கினார். பிறகு அதையும் சொன்னார்.

“மலேசியாவுல ஒரு பெரிய அதிகாரி பாக்கிறாங்க, சுவர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னு அம்மா சொல்லி அவனை அனுப்பிட்டாங்களாம்.”

மூன்று நாளாக அந்த மலைப்பாதையை அடைத்துவைத்திருக்கிறார்கள். வண்டி எதுவும் போவதில்லை.

மகன் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அம்மாவைக் கீழ்த்தளத்தில், தானியம் வைக்கும் அறையில் படுத்துக்கொள்ளச் சொன்னேன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தலைக்கு மேல் நான்கு மாடி இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அம்மா ஒளிப்பதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஏறிப்போய், ஸ்கேலை நேராகப் பிடித்து, புதுப் படமாக அனுப்புகிறார். போன வாரம் பதினான்கு, பாதை இன்னும் திறக்கவில்லை. நான் எண்ணைச் சொன்னேன். “கிளம்பச் சொல்லட்டுமாக்கா?” என்று மகன் கேட்டார். சொல்லுங்கள் என்றேன். அவர் அம்மாவிடம் சொன்னார். பிறகு அந்த அம்மா கேட்டதை அவர் எனக்கு மலாயில் சொன்னார்.

“எங்க போகணும்னு அந்த அதிகாரியம்மாவைக் கேளுன்னு சொல்றாங்க.”