மழையில் கரைந்த விளக்கு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில், வில்லியனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் சுடுமண் பட்டறையில் நடந்தது இது. புதுச்சேரியில் ஒரு ஹோட்டல்காரர் வாசலில் அடுக்கி வைக்க மண் குதிரைகள் கேட்டிருந்தார். வியாபாரி யாரும் நடுவில் இல்லாமல் என் பெயருக்கே வந்த முதல் பெரிய ஆர்டர். மறுநாள் சூளை வைக்க வேண்டும். அதனால் குதிரைகளையெல்லாம் கடைசியாக ஒருமுறை காய்வதற்காக முற்றத்து வெயிலில் நிறுத்தியிருந்தேன்.

அன்றைக்குப் பார்த்து கோயம்புத்தூரிலிருந்து ஒரு சுற்றுலா வேன் வந்தது. எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சுற்றுலா வருகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. சக்கரத்தில் கை வைப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், சேற்றைக் கழுவத் தண்ணீர் எங்கே என்பார்கள். ஆனால் ஆளுக்கொரு பொருள் செய்து பார்ப்பதற்குக் கட்டணம் உண்டு. அந்த வரும்படி எனக்கு வேண்டியிருந்தது.

அவர்களில் உயரமான ஒரு பெரியவர் என் உயிரை வாங்கிவிட்டார். ஒரு சின்ன அகல்விளக்கு, அதைக் கலைத்துக் கலைத்துச் செய்தார். ஒரு பக்கம் சாய்ந்து ஏதோ ஒன்று வந்ததும், அதன் பக்கத்தில் யாரையும் விடவில்லை. சுட்டு கூரியரில் அனுப்பிவிடுவேனா, உடையாமல் வருமா, வேறு யாருடையதோடும் மாறிவிடாதே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லோர் செய்ததையும் ஒரு பலகையில் வைத்து முற்றத்து ஓரமாக உலரப் போட்டேன்.

அவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சுடாத மண்ணில் மழை பட்டால் மறுபடி சேறுதான். என் கணவர் சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டில் இருந்தார். இருந்த ஒரே தார்ப்பாய் சூளை விறகின் மேல் கிடந்தது. நான் ஓடிப்போய் இரண்டு குதிரைகளைத் தூக்குவதற்குள் சடசடவென்று பிடித்துக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் டீ டம்ளர்களை வைத்துவிட்டு அத்தனை பேரும் முற்றத்தில் நிற்கிறார்கள். அந்தப் பெரியவர் ஒரு குதிரையின் காதைப் பிடித்தார். காது கையோடு வந்துவிட்டது.

"காதப் புடிக்காதீங்க சார், கொயந்தய தூக்குற மாரி அடியில கை குடுங்க" என்று கத்தினேன்.

அவ்வளவுதான் சொன்னேன். முற்றத்திலிருந்து பட்டறை ஷெட் வரைக்கும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி உள்ளே சேர்த்தார்கள். முட்டிவலிக்காரர்கள்கூட நனைந்தார்கள். சில குதிரைகள் போயின. உபரியாகச் செய்து வைத்திருந்ததால் ஆர்டருக்குக் குறை வரவில்லை.

மழை விட்ட பிறகுதான் பலகை ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தேன். அவர்கள் செய்த விளக்கு, கிண்ணம் எல்லாம் ஒரே சேறாகப் பலகையில் வழிந்து கிடந்தன. அத்தனை பேரில் ஒருவர்கூட தன் பொருளைத் தூக்கப் போகவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

பெரியவரிடம் போய், "இன்னா சார் இப்பிடி பண்ணிட்டீங்க? உங்க வெளக்கு போச்சே. அதே மாரி ஒண்ணு நான் செஞ்சு அனுப்பிடறேன்" என்றேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க பண்ணுனா அது உங்க வெளக்குங்க. இன்னொருக்கா வந்து நானே பண்ணிக்கறனுங்க."

அவர் இன்னும் வரவில்லை. குதிரைகள் அந்த ஹோட்டல் வாசலில் நிற்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தடுத்த ஆர்டர்கள் வந்தன. இப்போதும் பட்டறைக்கு ஆட்கள் வருகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், தண்ணீர் எங்கே என்கிறார்கள். வானம் லேசாகக் கறுத்தாலும் நான் முதலில் உள்ளே தூக்கி வைப்பது அவர்கள் கோணல்மாணலாகச் செய்து வைத்ததைத்தான். என் குதிரைகள் அதற்கப்புறம்.